நடு வரிசைப் போர்வைகள்

அன்பு மகள் பென்சிலுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பழக்கத்தில் கை போகிறது. உடம்புக்குச் சுகம்தான். அம்மாவுக்கு இருமல் விட்டுவிட்டது. அத்தைக்குத் தையல் பிரித்தாயிற்று. வீட்டுக்கு வந்த மறுநாளே கட்டிலில் இருந்தபடி எல்லோரையும் அதிகாரம் பண்ண ஆரம்பித்துவிட்டாள், ஆகவே குணமாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். உன் மாமா வழக்கம்போல் வாயைத் திறக்காமல் வேலை பார்க்கிறான். வேலைதான் குறைந்துவிட்டது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இதை ஆபீஸுக்கு எடுத்துக்கொண்டு போகாதே. விடுதி அறையில் உன்னோடு இருக்கும் பெண் பக்கத்தில் இருந்தால், அவள் வெளியே போகும்வரை பிரிக்காமல் வைத்திரு. யாருக்கும் உயிருக்கு ஒன்றுமில்லை, பதறாதே. ஆனால் படிக்கும்போது உன் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். அதை வேறொருவர் பார்க்க வேண்டாம்.

இந்த வாரமோ அடுத்த வாரமோ உங்கள் கொள்முதல் பிரிவுக்கு ஒரு சுற்றறிக்கை வரும். அரசுக்குப் பொருள் வழங்கத் தடை செய்யப்பட்டவர்களின் பட்டியல். எனக்கு ஒரு நகல் அனுப்பியிருக்கிறார்கள். அதில் பதினோராவதாக நம் பட்டறையின் பெயர் இருக்கிறது. மூன்று வருஷத்துக்குத் தடை. காரணம் என்ற இடத்தில், ‘அனுமதியின்றி மூலப்பொருளை மாற்றியது, ஆய்வில் அதை மறைத்தது’ என்று போட்டிருக்கிறார்கள். இரண்டும் உண்மை. யாரும் என் மேல் பழி போடவில்லை, எழுத்துப் பிழையும் இல்லை. நான்தான் செய்தேன்.

நீ பிறந்த வருஷம் பட்டறையைத் தொடங்கினோம். வேறு பெயரே யோசிக்கவில்லை, உன் பெயரை வைத்துவிட்டோம். ஒவ்வொரு போர்வையின் மூலையிலும் நீல நூலில் அதைத்தான் தைத்தோம். அந்தப் பெயரைத்தான் நீ இப்போது உன் கையால் தடைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். இதை எழுதும்போது எனக்கு எழுந்து எங்காவது போய்விடலாம் போலிருக்கிறது. எழுந்து போனால் திரும்பி வந்து எழுத மாட்டேன். அதனால் உட்கார்ந்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணினபோதே சொல்லியிருக்க வேண்டும். உன் மேலதிகாரி உன் குறிப்புகளைப் பாராட்டியதை நீ சொல்லிக்கொண்டிருந்தாய். நான் மழை வருமா வராதா என்று பேசினேன். அம்மா பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும், “மழையப் பத்தி மட்டுந்தான் பேச வருமா உங்களுக்கு?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். வாயால் வராதது கையாலாவது வருகிறதா என்று பார்க்கிறேன்.

முதலிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன். வரிசை தப்பினால் உனக்குப் பிடிக்காது.

ஆஸ்பத்திரிகளுக்கு ஆறாயிரம் போர்வை, மூன்று தவணையில், தவணைக்கு இரண்டாயிரம். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். ஒப்பந்தம் கையெழுத்தான அன்று வழக்கம்போல ஒரு போர்வையை நடுவில் வெட்டி, ஒரு பாதியை அவர்கள் வைத்துக்கொண்டு மறுபாதியை நமக்குக் கொடுத்தார்கள். இரண்டிலும் அரக்கு முத்திரை, இரண்டு தரப்புக் கையெழுத்து. இனி நெய்கிற ஒவ்வொன்றும் அந்தப் பாதியைப் போலவே இருக்க வேண்டும் என்பது கணக்கு. முதன்முதலாக அப்படி ஒரு பாதியை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது நீ ஐந்தாம் வகுப்பு. நல்ல போர்வையை ஏன் வெட்டினார்கள் என்று அழுதாய். நாம் சொன்ன சொல் மாறாமல் இருக்கத்தான் என்று உன்னைச் சமாதானப்படுத்தினேன். அப்போது என் குரல் எவ்வளவு கம்பீரமாக இருந்தது என்று எனக்கே ஞாபகம் இருக்கிறது.

அந்த நாட்களில் ஒப்பந்த நிபந்தனைகளை உன்னைத்தான் சத்தம் போட்டுப் படிக்கச் சொல்வேன். காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, புரியாத இடத்தில் கோடு போட்டுக்கொண்டு படிப்பாய். பட்டறையில் எல்லோரும் பென்சில் என்று கூப்பிட ஆரம்பித்து அதுவே நிலைத்துவிட்டது. ஒன்பதாம் நிபந்தனை ஞாபகம் இருக்கும். நூல், சாயம், நெசவு எதையும் முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி பெறாமல் மாற்றக் கூடாது. அதை நீ பாட்டு மாதிரி சொல்லிக்கொண்டு திரிவாய். வேலைக்கு நேர்முகத்தேர்வில், இந்தத் துறைக்கு ஏன் வந்தாய் என்று கேட்டபோது, என் அப்பா அனுமதி இல்லாமல் ஓர் இழைகூட மாற்றியதில்லை என்று பதில் சொன்னதாக எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தை நான் பட்டறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். இப்போது அது எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

முதல் தவணை ஒழுங்காகப் போனது. இரண்டாவதற்கு நாற்பத்தைந்து நாள் இருக்கும்போது நமக்கு நூல் தரும் மில்லில் தீப்பிடித்தது. இரண்டு மாதத்துக்கு நூல் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். கையிருப்பை எடை போட்டுப் பார்த்தோம். நானூறு போர்வைக்குத்தான் வரும்.

அப்போது என்ன செய்ய வேண்டும் என்று உன்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாய். மில்லின் கடிதத்தை இணைத்து, நிலைமையைச் சொல்லி, ஒன்று அவகாசம் கேட்க வேண்டும், இல்லை வேறு நூலின் மாதிரியை அனுப்பி அனுமதி கேட்க வேண்டும். ஒரு பக்கக் கடிதம். நான் எழுதவும் எழுதினேன் பென்சில். நல்ல கடிதம், உனக்கே பிடித்திருக்கும். தேதி மட்டும் போடவில்லை. நாளை போடலாம் என்று மேஜை டிராயரில் வைத்தேன். நாளை என்பது அப்படியே பத்து நாளானது.

ஏன் அனுப்பவில்லை என்று அம்மா கேட்டாள், விசாரணையில் கேட்டார்கள், நீயும் கேட்பாய். நூல் வாங்குவதில் மிச்சம் பிடிக்க நினைத்தேன் என்றால்கூட உனக்குப் புரிந்திருக்கும். அது இல்லை. பதினான்கு வருஷமாக ஒரு நாள் தாமதமில்லை, ஒரு தடவைகூட அவகாசம் கேட்டதில்லை என்று நமக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்களே, கண்ணாடி போட்டு மேஜைக்குப் பின்னால் மாட்டினேனே, அதுதான் காரணம். அந்த ‘ஒரு தடவைகூட’ போய்விடும் என்று இருந்தது. மற்றவர்கள் அவகாசம் கேட்டு ஆபீஸ் வாசலில் நிற்பதைப் பார்த்து நான் எத்தனை முறை நக்கலாகச் சிரித்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். அந்த வரிசையில் போய் நிற்க எனக்குக் கூச்சம். விதியை மீறாதவன் என்ற பேரைக் காப்பாற்ற விதியை மீறினேன். இவ்வளவு மூளை இருக்கிறவனுக்கு வேறு சத்துரு தேவையில்லை.

வேறொரு மில்லில் நூல் கிடைத்தது. நிறம் அப்படியே. எடையும் ஏறக்குறைய அதேதான். தடவிப் பார்த்தால் கொஞ்சம் முரடு, அவ்வளவுதான். ஒரு போர்வையைத் துவைத்துப் பார்த்துவிடலாமே என்று அம்மா இரண்டு முறை சொன்னாள். நேரமில்லை என்றேன். நேரம் இருந்தது. துவைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், தெரிந்துவிட்டால் ஏதாவது செய்தாக வேண்டும் என்ற பயம். தெரியாதவரைக்கும் நான் நல்லவன்.

இனி வருவதுதான் எழுதக் கஷ்டமானது.

நம் சரக்கைப் பார்க்க வரும் ஆய்வாளரை உனக்குத் தெரியும். பட்டறையில் முட்டி சார் என்று பேர் வைத்திருந்தோம். இரண்டு முழங்காலிலும் பட்டை கட்டிக்கொண்டு, படி ஏறும்போது பக்கவாட்டில் திரும்பி ஏறுவாரே, அவர்தான். பதினான்கு வருஷத்தில் நம்மிடம் ஒரு டீக்கு மேல் எதுவும் வாங்கியதில்லை, அதுவும் சர்க்கரை போடாமல். சரக்கில் ஐந்து போர்வையைத் தன் கையாலேயே எடுத்து, பையில் போட்டு, முத்திரை வைத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார். மேலே, நடுவில், அடியில் என்று கலந்து எடுக்க வேண்டும் என்பது விதி. முட்டி மோசமான பிறகு கடைசி மூன்று நான்கு வருஷமாக அவரால் குனியவும் முடியவில்லை, ஏணியில் ஏறவும் முடியவில்லை. இடுப்பு உயரத்தில் இருப்பதிலிருந்துதான் எடுப்பார். நாங்களும் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தோம். அதில் தப்பில்லை, அதுவரை எந்த உயரத்தில் எடுத்தாலும் சரக்கு ஒன்றுதான்.

பத்துப் போர்வை ஒரு கட்டு. இரண்டாயிரத்துக்கு இருநூறு கட்டு. குடோனில் நாற்பது அடுக்கு, அடுக்குக்கு ஐந்து கட்டு. நடுவில் இருக்கிற மூன்றாவது கட்டுதான் இடுப்பு உயரத்தில் வரும். நாற்பது அடுக்கிலும் நடுக் கட்டு மட்டும் என்றால் நாற்பது கட்டு, நானூறு போர்வை. பழைய நூலில் நெய்ததும் சரியாக நானூறு. இந்தக் கணக்கைப் போட்டபோது எனக்கு ஏதோ தெய்வமே வழி காட்டியது போல இருந்தது.

அடுக்கியது உன் மாமா. எந்தக் கட்டு எங்கே என்று நான் சொல்லச் சொல்ல அடுக்கினான். பாதி அடுக்கும்போதே அவனுக்குப் புரிந்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, “மச்சான், அவரு பாவம்” என்றான். அவன் ஒரு மாதத்தில் பேசுகிற பேச்சே அவ்வளவுதான். வேலையைப் பார் என்றேன். பார்த்தான். இதில் அவனுக்குப் பங்கில்லை என்று விசாரணையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், நீயும் அவனைக் கோபித்துக்கொள்ளாதே.

ஆய்வாளர் வந்தார். நாற்காலி போட்டேன். டீ வந்தது. பிறகு குடோனுக்குப் போனோம். நடு வரிசையிலிருந்து நான்கு போர்வை எடுத்தார். ஐந்தாவதற்கு நின்று யோசித்தார். அடியிலிருந்து ஒன்றாவது எடுக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் விட்டுவிடுகிறேன், மனசுக்குச் சரியாக இல்லை என்று சொல்லிக்கொண்டே ஓர் அடுக்கைப் பிடித்துக்கொண்டு குனியப் பார்த்தார். வலியில் முகம் கோணியது. நான் ஓடிப்போய் அவருடைய முழங்கையைப் பிடித்தேன்.

“வேணாம் சார். முட்டிய ஏன் படுத்துறீங்க? மேலருந்து கீழ வரைக்கும் ஒரே சரக்குதான்.”

நிமிர்ந்துவிட்டார். என் தோளில் கை வைத்து, மற்ற இடங்களில் நாலு தடவை சந்தேகப்பட வேண்டியிருக்கிறது, உங்களிடத்தில் மட்டும்தான் நிம்மதியாக வேலை முடிகிறது என்றார். ஐந்தாவதையும் நடுவிலிருந்தே எடுத்தார்.

பென்சில், நூலை மாற்றியதற்கு நான் பதில் சொல்லிக்கொள்வேன். அடுக்கியதற்கும் ஒருவிதமாகச் சொல்லிவிடலாம். ஆனால் வலியோடு இருக்கிற ஒரு மனுஷனை அக்கறையாகத் தாங்கிப் பிடிப்பதுபோல் பிடித்தேனே, அந்தக் கைக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பரிசோதனையில் ஐந்தும் தேறின. தேறத்தானே செய்யும். சரக்கு சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேர்ந்தது.

அடுத்த இரண்டு மாதம் ஒன்றும் இல்லை. மூன்றாம் தவணைக்குப் பழைய மில்லே நூல் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. டிராயரைத் திறக்கும்போது மட்டும் அந்தத் தேதி போடாத கடிதம் கண்ணில் படும். கிழித்துப் போட்டிருக்கலாம். ஏனோ கிழிக்கவில்லை. பிறகு அத்தைக்குப் பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன் ஆனது. அரசு ஆஸ்பத்திரியிலேயே பார்த்துக்கொள்வோம், டாக்டர் நல்லவர் என்று அவள்தான் பிடிவாதம் பிடித்தாள். மறுநாள் சாயங்காலம் நான் பார்க்கப் போனேன்.

பெண்கள் வார்டு, இரண்டு பக்கமும் பன்னிரண்டு பன்னிரண்டு கட்டில். உள்ளே நுழைந்ததும் எனக்குத் தெரிந்தது பாதங்கள்தான். ஒவ்வொரு கட்டிலின் முனையிலும் இரண்டு பாதம் வெளியே. அன்றைக்குக் குளிர் வேறு. சிலர் காலை மடக்கிச் சுருண்டு படுத்திருந்தார்கள். ஒரு பெண் காலில் தலையணை உறையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அத்தை என்னைப் பார்த்ததும் போர்வையைக் கழுத்துவரை இழுத்தாள், கணுக்காலுக்கு மேலே வந்துவிட்டது. மூலையில் நீல நூலில் உன் பெயர்.

அவள் பக்கத்துக் கட்டில்காரியிடம், இதோ இவன்தான் என் தம்பி, இந்தப் போர்வையெல்லாம் இவன் பட்டறையில் நெய்ததுதான், அது இவன் பொண்ணு பேர் என்று அறிமுகம் செய்தாள். வந்த முதல் நாளிலிருந்தே வார்டு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். அந்த அம்மாள் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன். அவளுடைய பாதம் இரண்டும் வெளியே இருந்தன.

பிறகு அத்தை என்னைக் கிட்டே கூப்பிட்டு, யாருக்கும் கேட்காமல் சொன்னாள். “துவைச்சதுல கொஞ்சம் குட்டையாயிடுச்சுடா. நர்சம்மா கோவமா இருக்கா. தண்ணி சுடவெச்சு துவைச்சிருப்பாங்க, உங்க தப்பாத்தான் இருக்கும்னு நான் சண்டை போட்டுட்டேன்.”

எனக்காகச் சண்டை போட்டிருக்கிறாள், வயிற்றில் தையலோடு. நல்லது செய்தாய் அக்கா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வெளியே வரும்போது அந்தத் தலைமை நர்ஸ் வராந்தாவில் மேஜையில் ஒரு போர்வையை விரித்து டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார். ஏழடி இருக்க வேண்டியது ஐந்தரை அடி. நான் யார் என்று அவருக்குத் தெரியாது. அளவைக் குறித்துக்கொண்டு, மூலையில் இருந்த பெயர்த் துண்டைக் கத்தரியால் வெட்டி எடுத்து ஒரு தாளில் குண்டூசியால் குத்தினார். நான் அவரைத் தாண்டி நடந்து போனேன்.

இதோடு நேற்று நிறுத்திவிட்டேன். அம்மா கூப்பிட்டாள், கூப்பிட்டது வசதியாகப் போயிற்று. இன்றைக்குக் காலையில் குளித்துவிட்டு, மிச்சத்தையும் எழுதிவிட்டுத்தான் வேறு வேலை என்று உட்கார்ந்திருக்கிறேன்.

மூன்று வாரம் கழித்து ஆய்வாளர் வந்தார். துறை வண்டி இல்லை, பஸ்ஸில் வந்தார். பஸ் நிறுத்தத்திலிருந்து அவ்வளவு தூரம் நடந்திருக்கிறார். அவருக்கு மெமோ கொடுத்திருந்தார்கள். மூன்று ஆஸ்பத்திரியிலிருந்து புகார், நீங்கள் தேர்வு செய்த மாதிரி எப்படித் தேறியது, விளக்கம் கொடுங்கள் என்று. ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கிறது அவருக்கு.

என்னைத் திட்ட வந்தார் என்று நினைத்தேன். அவர் குடோனைப் பார்க்க வேண்டும் என்றார். காலியாக இருந்தது. நடுவில் நின்று, அன்றைக்கு எங்கே நின்றோம், எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தோம் என்று கையை நீட்டி நீட்டிப் பார்த்தார். எங்கே தப்பு செய்தேன் என்று பத்து நாளாக யோசிக்கிறேன், பிடிபடவில்லை, உங்களுக்கு ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள் என்று என்னிடம் கேட்டார். மில்லில் உங்களையும் ஏமாற்றியிருப்பார்களோ என்றும் கேட்டார். நான் டீ சொல்லட்டுமா சார் என்று கேட்டேன். அவ்வளவுதான் எனக்கு வந்தது.

ஆபீஸ் அறையில் உட்கார்ந்தோம். அந்தச் சான்றிதழ் என் தலைக்கு மேலே. பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். விளக்கக் கடிதம் எழுதியிருக்கிறேன், உங்களுக்குக் கடிதம் எழுதுகிற கை, வாசகம் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக் கொடுங்கள் என்றார். வாங்கிப் படித்தேன். மொத்தம் ஒன்பது வரி. தன் முழங்கால் உபாதை காரணமாக அடிக் கட்டுகளிலிருந்து எடுக்கத் தவறியது தன்னுடைய குறை மட்டுமே என்றும், ஒப்பந்ததாரரின் நேர்மை மேல் தனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை என்றும் எழுதியிருந்தார். கடைசி வரியில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. பென்சிலை எடுத்துத் திருத்தப் போனேன். பழக்கம். கை தாளைத் தொட்டதும் நின்றுவிட்டது.

“சார், நடு வரிசை மட்டுந்தான் பழைய நூல்” என்றேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. திரும்பவும் சொன்னேன். மேலே இரண்டும் கீழே இரண்டும் வேறு நூல், நடுவில் மட்டும் பழையது, நான்தான் அடுக்கச் சொன்னேன் என்றேன். அவர் தன் கையை இடுப்பு உயரத்தில் நீட்டி, அதைப் பார்த்தார்.

“என் முட்டிய பாத்து அடுக்குனீங்களா?”

“ஆமா சார்.”

என் கையிலிருந்த தாளை வாங்கி நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். நாற்காலியிலிருந்து எழுந்திருக்க அவருக்கு எப்போதும் ஒரு கை வேண்டும். நான் எழுந்து போய்க் கையை நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டே வாசல்வரை போனார். உன் மாமா ஓடிவந்து பஸ் நிறுத்தம்வரை கூடப் போனான். அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

டீ அப்படியே இருந்தது, சர்க்கரை போடாத டீ. அம்மா வந்து டம்ளரை எடுத்தாள். அவள் எல்லாவற்றையும் தறிப் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறாள். ஸ்டூலைப் போட்டு ஏறி, சான்றிதழைக் கழற்றித் துணியில் சுற்றிப் பீரோவுக்கு மேலே வைத்துவிட்டு, அந்த ஆணியில் காலண்டரை மாட்டினாள். காலண்டர் சின்னது. சட்டம் இருந்த இடம் சுற்றிலும் வெளுப்பாகத் தெரிகிறது.

அன்றைக்கே டிராயரிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்தேன். அன்றைய தேதியைப் போட்டேன். அதன் கீழே, இதை நான் அனுப்பாமல் வைத்திருந்தேன், அதற்குப் பதிலாக இன்னின்னது செய்தேன் என்று நடந்ததையெல்லாம் எழுதி, முத்திரை வைத்த பாதிப் போர்வையையும் எடுத்துக்கொண்டு துறை அலுவலகத்துக்குப் போனேன். அவகாசம் கேட்பவர்கள் நிற்கிற அதே வரிசையில்தான் நிற்கச் சொன்னார்கள். நின்றேன். இரண்டு பேர் என்னை அடையாளம் கண்டு, நீங்களுமா அண்ணே என்று சிரித்தார்கள். நின்று பார்த்தால் அது ஒன்றும் பெரிய வரிசை இல்லை. அரை மணி நேரத்தில் என் முறை வந்துவிட்டது.

விசாரணை நடத்திய அதிகாரி ஒரு பெண், உன்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, இதை அப்போதே கொடுத்திருந்தால் முப்பது நாள் அவகாசம் சாதாரணமாகக் கொடுத்திருப்போமே என்றார். எனக்கு அந்தப் பெண் என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

குட்டையான போர்வைகளை எல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டு ஆயிரத்து அறுநூறு புதிதாக நெய்து கொடுக்க வேண்டும். பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. இந்தத் தடவை ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒன்றை அம்மா துவைத்து, காயப்போட்டு, அளந்து, பிறகுதான் கட்டுகிறாள். பட்டறையில் பன்னிரண்டு பேரையும் உட்கார வைத்து நடந்ததைச் சொன்னேன். நாலு பேர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். மற்றவர்கள் இருக்கிறார்கள். ஓட்டல்களுக்கு மேஜைத் துணி நெய்யக் கேட்டு மாமா அலைகிறான். அவன் வாயைத் திறந்து ஆர்டர் கேட்கிறான் என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள். சாப்பாட்டுக்குக் கஷ்டம் இல்லை, நீ பணம் அனுப்புகிறேன் என்று ஆரம்பிக்காதே.

அத்தைக்குச் சொல்லிவிட்டேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மறுநாள் ஆள் வைத்து அந்த நர்ஸிடம் மன்னிப்புச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். என்னிடம் இன்னும் பேசவில்லை.

ஆய்வாளர் மேலான விசாரணை முடியவில்லை. என் வாக்குமூலத்தால் பெரிய தண்டனை இருக்காது என்கிறார்கள். ஆனாலும் அடியிலிருந்து எடுக்காதது அவருடைய தவறுதான் என்று எழுதியிருக்கிறார்கள். அவர் வீட்டுக்கு ஒருநாள் போனேன். அவருடைய மனைவி கதவைத் திறந்து, தூங்குகிறார் என்றார். உள்ளே அவர் இருமுவது கேட்டது. அந்தத் தெருவில் அரை மணி நேரம் நின்றுவிட்டு வந்தேன். இனி போய் அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று அம்மா சொல்கிறாள். அவள் சொல்வதுதான் சரி.

இனி உன் விஷயம்.

சுற்றறிக்கை உன் மேஜைக்குத்தான் வரும் என்று எனக்குத் தெரியும். பக்கத்து மேஜைக்காரியிடம் தள்ளிவிடலாம் என்று தோன்றும். செய்யாதே. ஒரு நாள் லீவு போடலாம் என்று தோன்றும். அதையும் செய்யாதே. பதினோராவது பெயரையும் மற்றப் பத்தையும் எழுதிய அதே எழுத்தில் எழுது, சின்னதாக்காதே. நாளைக்கு நம் பட்டறையோ, மாமா பெயரில் வேறு ஏதாவதோ எங்காவது விண்ணப்பம் போட்டு உன் கண்ணில் பட்டால், அப்பாவுக்கு அறுபது வயதாகிறதே என்று பார்க்காதே. நாங்கள் போட மாட்டோம். ஆனால் என் வாக்கு இப்போது எந்த அளவுக்குச் செல்லும் என்று நீயே முடிவு செய்துகொள்.

இன்னொன்று இருக்கிறது. அதற்காகத்தான் இத்தனை பக்கமும் எழுதினேன் என்று நினைக்கிறேன். தடைப் பட்டியலில் உறவினர் யாராவது இருந்தால் உங்கள் பிரிவில் இருப்பவர்கள் தாங்களாகவே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது, அதற்குப் படிவமும் இருக்கிறது. நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குப் படித்துக் காட்டினாய். யாரும் கேட்பதற்கு முன்னால் அதை நிரப்பிக் கொடுத்துவிடு. நான் செய்யாததை நீ செய். அதில் உறவுமுறை என்று ஒரு கட்டம் வரும். ‘குடும்பத்தினர்’ என்று பொதுவாக எழுதினாலும் சட்டப்படி போதும், நான் விசாரித்துவிட்டேன். அப்படி எழுதினால் நான் வருத்தப்பட மாட்டேன். உனக்கு மனசு வந்தால், கை கூசாமல் இருந்தால், அந்தக் கட்டத்தில் நான் உனக்கு என்ன உறவு என்று முழுசாகவே எழுதிவிடு அம்மா.

எழுதியிருந்தால் எனக்கு ஒரு வரி போடு. போன் வேண்டாம், எனக்குப் பேச வராது. எழுத முடியவில்லை என்றாலும் ஒரு வரி போடு, நான் புரிந்துகொள்வேன். குளிர் அதிகம் என்று சொன்னாயே, காலை மூடிப் படு. நீ இங்கிருந்து எடுத்துப்போன போர்வை பழைய நூல்தான், தைரியமாகத் துவைக்கலாம். உன் பெயர் உன் கையில் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
நீ எழுதப்போகும் சொல்லுக்காகக் காத்திருக்கும்,
அப்பா